விளக்குக் கம்பத்தில் தினேஸ்

பிரெடெரிசியா, டென்மார்க்
30.05.2009

அன்புள்ள தங்கச்சி மலருக்கு,

நீ உயிரோடு முகாமுக்கு வந்து சேர்ந்தாய் என்று கேட்ட பிறகுதான் இந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிகிறது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் மேரிகிறேசும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகம் எப்படி? காயம் ஏதும் இல்லையே?

வவுனியாப் போதகர் தொலைபேசியில் பெயர்களை வாசித்தார். உன் பெயரை, கிருபாமலர் என்றார். மகள் கிருபாஷினி என்றார். மூன்றாவது பெயருக்காக நான் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார். "ஐயா, தினேஸ் எண்டு ஒரு பெடியன், பதினெட்டு வயசு, நல்ல நெடுவல்" என்று மறித்துக் கேட்டேன். "என்னட்டைத் தந்தது ரெண்டு பேர்தான் தம்பி" என்றார்.

சண்டையை நிறுத்தச் சொல்லி ஜனவரி முழுக்கக் கோபன்ஹேகனில் பனிக்குள் நின்று கத்தினோம். தொண்டை போனதுதான் மிச்சம். அதைப் பிறகு கதைப்போம். தினேஸ் எங்கே? வேறு முகாமிலா? ஆஸ்பத்திரியிலா? பிடித்து வைத்திருக்கிறார்களா? எதுவானாலும் ஒரு வரி எழுது. மச்சான் காய்ச்சலில் போன நாளிலிருந்து அவன் எனக்கும் பிள்ளைதான்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அண்ணன் நேசரட்ணம்


செட்டிகுளம் முகாம்
21.06.2009

அன்பின் அண்ணைக்கு,

கர்த்தர் நடத்துகிறார். நானும் கிருபாஷினியும் சுகம். மச்சாளையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லுங்கள். இங்கே வெயில் கடுமை. தண்ணீருக்கு விடியவே வரிசையில் நிற்க வேண்டும். கடிதங்களை நான் மட்டும் வாசிப்பதில்லை என்பதால் கனக்க எழுதவில்லை.

தினேஸ் எங்களோடு இல்லை. பெடியன்களை வேறாக்கிய இடத்தில் இருப்பான் என்று நினைக்கிறேன். அண்ணை, உங்கள் முதலாளிக்கு ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறதென்று முன்பு எழுதியிருந்தீர்கள். இந்தப் பிள்ளை எங்களுக்கு வேண்டும் என்று அவர் ஒரு கடிதம் தருவாரா? வெளிநாட்டுக் கடிதம் காட்டினால் விசாரிப்பார்கள் என்று இங்கே கதைக்கிறார்கள்.

பாடசாலை அணிப் படத்திலிருந்து வெட்டிய அவன் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. வேறு படம் இல்லை.

முடியுமென்றால் கிருபாஷினிக்கு ஒரு சோடிச் சப்பாத்தும் எனக்கு ஒரு துவாயும் போதகரிடம் அனுப்புங்கள்.

உங்கள் தங்கச்சி
மலர்


பிரெடெரிசியா
12.07.2009

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சுகம் என்ற வரியை மேரிகிறேஸ் மூன்று தரம் வாசிக்க வைத்தாள். சப்பாத்தும் துவாயும் அனுப்பியாயிற்று.

காரியம் பாதி முடிந்தது என்றே வைத்துக்கொள். முதலாளி கேட்டதும் சம்மதித்துவிட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஸ்தாமென் வில்செவ். பல்கேரியாக்காரர். எழுபதாம் ஆண்டு எல்லையைக் களவாகத் தாண்டி ஓடி வந்தவர். இந்தத் துறைமுகத்தில் மீன் பெட்டி கழுவத் தொடங்கி, இன்றைக்கு அரை ஊரின் சாமான் இவருடைய லொறியில்தான் போகிறது. குரல் லொறி ஹோர்ன் மாதிரி. சிரிப்பு அதைவிட மோசம். அவர் காசைத் தின்னுவது துறைமுகப் பெடியன்களின் கழகம். வென்றாலும் தோற்றாலும் சனிக்கிழமை எல்லாருக்கும் சூப்பு. இப்போது புதுப் பைத்தியம் ஒன்று பிடித்திருக்கிறது. நவம்பரில் நடக்கும் நகரசபைத் தேர்தலில் நிற்கிறார். எங்கள் ஆட்களுக்கும் அந்த வாக்கு உண்டு, அதனால் எனக்கும் என்னோடு லொறியில் வேலை செய்யும் தவராஜாவுக்கும் இப்போது நல்ல மரியாதை.

தினேசின் படத்தைக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கோல் காப்பாளனோ?"

"ஓம். கிளிநொச்சியிலை அவனைத் தாண்டிப் பந்து போகாது."

"தாய் கடைசியா எப்ப கண்டவ?"

அதை நீ எழுதவில்லை என்றேன். உன் கடிதத்தை டேனிஷில் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு கழகத் தாளில் கடிதம் அடித்து முத்திரை குத்தித் தந்தார். அதோடு நிற்கவில்லை. உடை மாற்றும் அறையில் ஒன்றாம் இலக்கச் சட்டையை ஒரு கொளுக்கியில் தொங்கவிட்டு, இது வரப்போகும் பெடியனுடையது, ஒருவரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

கடிதம் இதற்குள் இருக்கிறது. உரிய இடத்தில் காட்டு. நான் வேலை விட்டு வரும்போதெல்லாம் அந்த அறையை எட்டிப் பார்க்கிறேன். ஆளில்லாத சட்டை காற்றில் அசைவதைப் பார்க்க முடிவதில்லை. ஆனாலும் எட்டிப் பார்க்கிறேன்.

உன் அண்ணன்
நேசரட்ணம்


செட்டிகுளம் முகாம்
09.08.2009

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் செபிக்கிறேன். சப்பாத்து அளவாக இருக்கிறது. கிருபாஷினி அதைப் போட்டுக்கொண்டே படுக்கிறாள், களவு போகுமாம்.

கழகக் கடிதம் கிடைத்தது. முதலாளிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நல்ல தாள். மடித்து வைத்திருக்கிறேன். இன்னும் காட்டவில்லை. காட்டுவேன்.

அந்தச் சட்டையில் என்ன நிறம் என்று எழுதவில்லையே.

போன கிழமை மழை பெய்து தறப்பாள் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்தது. பிள்ளைக்கு இருமல். மழை உடுப்பு கிடைத்தால் அவளுக்கு ஒன்று அனுப்புங்கள்.

மலர்


பிரெடெரிசியா
30.08.2009

அன்புள்ள மலருக்கு,

சட்டை மஞ்சள். இங்கே எல்லோரும் சுகம். மழை உடுப்பை மேரிகிறேஸ் தானே போய் வாங்கினாள்.

கடிதத்தைக் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஏன்? எனக்குக் கோபம் வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஒரு மனுசன் முத்திரை குத்தித் தந்ததை மடித்து வைக்கவா கேட்டாய்?

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். உடுவிலில் இருக்கும் அல்பேட் மாமா உங்களைப் பொறுப்பெடுப்பதாகக் கையெழுத்து வைத்துவிட்டார். உறவினர் பொறுப்பெடுத்தால் விடத் தொடங்குகிறார்களாம். மாரி தொடங்க முன் நீயும் கிருபாஷினியும் வெளியே வந்துவிட வேண்டும். இருமலோடு அந்தச் சேற்றுக்குள் பிள்ளையை வைத்திருக்காதே. தினேசை வெளியிலிருந்தும் தேடலாம்.

இன்னொன்று. எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். போன செவ்வாய் பின்னேரம் மைதானத்தில் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடலிலிருந்து புகார்ப் பனி வந்து மூடியிருந்தது. கோல் கம்பங்களுக்கு நடுவில் ஒரு பெடியன் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். பயிற்சிக்கு வந்தவன் என்று நினைத்து, "வீட்டை போ, இருட்டுது" என்று கத்தினேன். கிட்டப் போனால் ஒருவரும் இல்லை. எனக்குப் பின்னால் முதலாளி நின்றார். "நீயும் கண்டனியோ?" என்றார். நீயும் என்றால் என்ன கருத்து என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, மலர்.

வெளியே வா.

நேசரட்ணம்


செட்டிகுளம் முகாம்
04.10.2009

அன்பின் அண்ணைக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் மூவரும் நலமாயிருக்க வேண்டும்.

நான் வெளியே வரமாட்டேன். அல்பேட் மாமாவுக்கு நன்றி சொல்லுங்கள். தினேஸ் இங்கே வந்து தேடினால் யார் இருப்பது? அடுத்த வலயத்தில் நெடுவலான பெடியன் ஒருவன் இருக்கிறானாம். போய்ப் பார்க்க வேண்டும்.

கிருபாஷினிக்கு இருமல் குறையவில்லை. அவளும் போவோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "அண்ணா வரட்டும் அம்மா" என்கிறாள். நல்ல பிள்ளை. அவளுக்கு ஒரு கம்பளிச் சட்டை வேண்டும்.

மைதானத்தில் கண்டதை இனி எனக்கு எழுத வேண்டாம்.

மலர்


பிரெடெரிசியா
01.11.2009

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறோம், கழுத்துவரை பூட்டிப் போடச் சொல்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேறு புதினம் இல்லை. முதலாளியின் வேலையை விட்டுவிட்டேன். கோல்டிங்கில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறேன். பஸ் பிடித்துப் போக வேண்டும், அவ்வளவுதான். ஏன் என்று கேளாதே. வலக்கையில் சின்ன வீக்கம், அதனால் எழுத்துக் கோணல்.

இங்கிருந்து யாராவது உனக்கு ஏதாவது தாள், படம் என்று அனுப்பினால் பிரிக்காமல் எறிந்துவிடு. சனங்களுக்கு வேலையில்லை. வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். நான் எழுதுவதை மட்டும் நம்பு.

மழைக்கு முன் வெளியே வா என்று மட்டும் மறுபடியும் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


பிரெடெரிசியா
08.11.2009

மதிப்புக்குரிய கிருபாமலர் அக்காவுக்கு,

நான் தவராஜா, நேசரட்ணம் அண்ணையோடு லொறியில் வேலை செய்தவன். உங்களுக்கும் மகளுக்கும் தேக சுகம் உண்டாகட்டும். இதில் வருவது முதலாளி ஸ்தாமென் டேனிஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதுவது. எழுதமாட்டேன் என்று இரண்டு நாள் நின்றேன். மனுசன் என் முன்னால் அழுதார், அதனால் எழுதுகிறேன்.

"நேசாவின் தங்கச்சி, உன் அண்ணன் என் முகத்தில் அடித்தான். அடித்தது சரி. காரணத்தை அவன் உனக்கு எழுதியிருக்கமாட்டான், அதனால் நான் சொல்கிறேன்.

"என் ஊரில் ஒருவர் இறந்தால் அவர் முகத்தைத் தாளில் அச்சடித்து வீட்டுக் கதவிலும் மரத்திலும் கம்பத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாள் ஒட்டுவோம், வருடா வருடம் ஒட்டுவோம். தெருவில் போகிறவன் நின்று பார்ப்பான், வீட்டுக்குள் வந்து தாயோடு இருந்து அழுவான். (எங்கள் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மாதிரித்தான் அக்கா.) போன மாதம் தேர்தலுக்காக என் முகத்தைக் கம்பம் கம்பமாகத் தொங்கவிட்டேன். அந்தத் தெருவால் நடக்கவே எனக்குக் கூசியது. உயிரோடிருக்கிற நான் கம்பத்தில் இருக்கிறேன், இருக்க வேண்டியவன் இல்லை.

"எனக்கு இலியா என்று ஒரு அண்ணன். கோல் காப்பாளன். எழுபதாம் ஆண்டு இரண்டு பேரும் காட்டுக்குள்ளால் எல்லையைத் தாண்டினோம். நான் தாண்டினேன். அவன் சூடுபட்டு விழுந்ததை நான் கண்டேன். இங்கிருந்து அம்மாவுக்கு முதல் கடிதம் எழுதும்போது கை வரவில்லை. இருவரும் சுகம் என்று எழுதினேன். அம்மா இலியாவின் படம் கேட்டாள். துறைமுகத்தில் பதினொரு பேரைப் பிடித்துச் சட்டை மாட்டி, ஒருவனைத் தொப்பியை இழுத்துவிட்டுக் குனிந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பினேன். அந்தப் பதினொரு பேரும்தான் என் கழகம். ஊரெல்லாம் மெச்சுகிற கழகம் ஒரு பொய்க்காகத் தொடங்கினது. வருடா வருடம் படம் அனுப்பினேன்.

"அம்மா ஒவ்வொரு மாரிக்கும் கம்பளிக் காலுறை பின்னி அனுப்புவாள். ஒரு சோடி. ஒரு மாரிக்கும் இரண்டு சோடி வந்ததில்லை. அவள் செத்து அடக்கம் செய்த பிறகுதான் அது என் மரமண்டைக்குள் ஏறியது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்லாததால் அவளும் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் அந்தக் கதவில் தாள் இல்லை. ஒருவரும் அவளோடு வந்து இருந்து அழவில்லை. களவாக அழுதிருக்கிறாள்.

"உன் கடிதங்களை நேசா எனக்குச் சொல்வான். மகளுக்குச் சப்பாத்து, மகளுக்கு மழை உடுப்பு, மகளுக்குக் கம்பளி, உனக்குத் துவாய். மகனுக்கு ஒன்றுமே நீ கேட்கவில்லை. கழகக் கடிதத்தைக் காட்டவுமில்லை. எனக்கு விளங்கிவிட்டது. நேசாவுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்க அவன் விரும்பவில்லை.

"அதனால் உன் மகன் படத்தைக் கறுப்புக் கரையோடு அச்சடித்து, துறைமுகத்திலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் விளக்குக் கம்பங்களில் நானே ஏணி வைத்துக் கட்டினேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் நேசா வேண்டாம் என்பான் என்று தெரியும். வேலையிலும் கழகத்திலும் எப்போதும் நான்தான் தீர்மானிப்பேன். அந்தப் பழக்கத்தில் உன் பிள்ளையையும் தீர்மானித்துவிட்டேன். அது என் பிழை. அவன் உயிரோடு இருந்தால் என்னைச் சபித்துவிடு, சந்தோசமாக வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால், உன் மகளை அந்தச் சேற்றிலிருந்து கூட்டிக்கொண்டு வெளியே போ."

முதலாளி சொன்னது இவ்வளவு. எங்கள் சனம் தாளைக் கண்டுவிட்டு "எப்ப நடந்தது?" என்று மேரிகிறேஸ் அக்காவுக்குத் தொலைபேசி மேல் தொலைபேசி. அண்ணை வெறி பிடித்தவர் மாதிரி ஒவ்வொரு கம்பமாக ஏறிக் கிழித்தார். கிழியாத ஒன்றை முதலாளி இதோடு வைக்கச் சொன்னார். பாரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா.

தவராஜா


பிரெடெரிசியா
06.12.2009

மலர்,

எப்படி இருக்கிறாய்? ஒரு மாதமாகப் பதில் இல்லை. முகாம் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். அல்பேட் மாமாவின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. உனக்குக் கடிதமும் தாளும் அனுப்பியதைத் தவராஜா நேற்றுக் கோவில் வாசலில் ஒப்புக்கொண்டான். அவனோடு நான் இனிக் கதைக்கமாட்டேன்.

முதலாளி தேர்தலில் தோற்றுவிட்டார். எங்கள் சனத்தில் ஒருவரும் அவருக்குப் போடவில்லை. போடாதே என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் நான்தான். சந்தோசம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அந்தத் தாளை நீ பார்த்தாயா? அதைக் கட்டியவன் பைத்தியக்காரன், மலர். தினேஸ் வருவான். ஒரு வரி போடு.

அண்ணன்


உடுவில்
20.12.2009

என் அன்பின் அண்ணைக்கு,

நத்தார்ப் பண்டிகை வருகிறது. உங்கள் வீட்டில் சமாதானம் இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். நானும் கிருபாஷினியும் அல்பேட் மாமா வீட்டில் இருக்கிறோம். மருந்து எடுத்து அவளுக்கு இருமல் குறைந்துவிட்டது. இனி என் கடிதத்தை இடையில் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

தினேஸ் இல்லை, அண்ணை. மே பதினான்காம் திகதி, நீரேரியைக் கடக்க முன். செல் குண்டு விழுந்து புகை போன பிறகு பார்த்தேன், கிடந்தான். கண்ணை மூடிவிட்டேன். என் சால்வையால் முகத்தை மூடினேன். மண் போட நேரம் தரவில்லை, சனம் தள்ளிக்கொண்டே போனது. கிருபாஷினி சில அடி முன்னால் போய்விட்டாள். ஓடிப்போய் அவள் தலையைப் பிடித்து முன்னுக்குத் திருப்பி, "அண்ணா பின்னாலை வாறான், நட" என்றேன். "ஓம் அம்மா" என்றாள்.

அவளுக்காக ஒரு நாள் சொன்ன பொய். பிறகு அதற்குள்ளேயே இருந்துவிட்டேன். உங்களுக்கும் அதையே எழுதினேன். முகாமுக்குள் இருக்கும்வரை பக்கத்து வலயத்தில் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே போனால் வாசலில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வரமாட்டேன் என்றேன். என் பிள்ளை இருமி இருமிச் சுருண்டு கிடந்ததும் அதனால்தான்.

அந்த மனிதரின் கடிதத்தை வரிசையில் நின்றபடி வாசித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. என் பிள்ளை செத்ததைச் சொல்ல இவர் யார்? பிறகு ஒரு சோடிக் காலுறை மட்டும் அனுப்பிய அந்தத் தாயை நினைத்தேன். அடுத்த நாள் கிருபாஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "எத்தினை பேர்?" என்று கேட்டார்கள். "ரெண்டு பேர்" என்றேன். அண்ணை, வாய் உடைந்துவிடும் போல இருந்தது.

இங்கே வந்து இரண்டு நாள் அந்தத் தாளை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அடுப்பில் கோதுமை மாவைக் கரைத்துப் பசை காய்ச்சினேன். கிருபாஷினி வந்து பக்கத்தில் குந்தினாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "பிள்ளை, உன்ரை அண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த அகப்பையை வாங்கிப் பசையைக் கிண்டினாள். "அம்மா, நான் திரும்பிப் பாத்தனான்" என்றாள்.

"எப்ப?"

"நீங்கள் சால்வையைப் போடேக்கை. உங்களுக்குத் தெரியாட்டா நீங்கள் நடப்பியள் எண்டுதான் சொல்லேல்லை."

ஏழு மாதம் ஒரே தறப்பாளுக்குக் கீழே, அண்ணா வரட்டும் என்று அவள் எனக்காகவும் நான் அவளுக்காகவும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். பசை அடிப்பிடித்துக் கருகும்வரை அந்த அடுப்படியில் கட்டிப்பிடித்து அழுதோம்.

வேறு பசை காய்ச்சித் தாளை வாசல் கேற்றில் இருவருமாக ஒட்டினோம். தாளில் திகதி இல்லை. பேனையால் எழுதினேன். பின்னேரத்துக்குள் தெருச் சனம் வரத் தொடங்கிவிட்டது. யார் பிள்ளை என்றுகூடத் தெரியாதவர்கள் வந்து பக்கத்தில் இருந்தார்கள்.

நீங்கள் அங்கே தனியே இருந்து அழ வேண்டாம். முதலாளியிடம் போங்கள்.

உங்கள் தங்கச்சி
மலர்